சாணிக் கரைசலும் ஆறாவது இலையும்

1

சாணிக்குச் சீன மொழியில் என்ன சொல் என்பது, இந்த நாட்டில் ஐந்து வருடம் குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. போன சனிக்கிழமை தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் மானக்கேடானது. ஆனாலும் ஊரில் இருப்பவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கோயமுத்தூர் கணபதிக்காரன். சீனாவில் ஹாங்சோவுக்குத் தெற்கே ஒரு நடுத்தர ஊரில், பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். மனைவி சுமதி அதே பள்ளியில் மழலையர் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. அவள் சீன மொழியை இங்கே பிறந்தவள் மாதிரி பேசுகிறாள். என் சீன மொழி ஐந்து வாக்கியங்களில் நிற்கிறது. அதில் இரண்டு, காரம் போடுங்கள் என்பதும் இன்னும் கொஞ்சம் காரம் போடுங்கள் என்பதும்.

வருடத்துக்கு இரண்டு முறை பள்ளி நிர்வாகம் வெளிநாட்டு ஆசிரியர்களை ஒரு நாள் கிராமப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். குளிர் முடிந்ததும் மஞ்சள் கடுகுப்பூ பார்க்க ஒரு முறை, இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை. காலையில் பேருந்து, மலையடிவாரத்தில் நடை, ஒரு விவசாயி வீட்டில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் திரும்பிவிடலாம். ஸ்காட்லாந்து, கனடா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என்று முப்பது பேர் வருவார்கள். போன வருடம் ஒரு கோழியைச் சுற்றி நின்று அத்தனை பேரும் படம் எடுத்தார்கள். கோழி பாவம், என்ன செய்யும், நின்றுகொண்டிருந்தது.

இந்த முறை பயணம் குறித்த சனிக்கிழமைதான் என் அம்மாவின் மூன்றாம் வருடத் திதி. நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சுமதி விடவில்லை.

"ஏனுங்க, இங்க உக்காந்துட்டு என்ன பண்ணப் போறீங்க? போன் வருமா வருமான்னு அதையே பாத்துட்டு இருப்பீங்க. உங்கண்ணன் கூப்புடப் போறதில்லைன்னு உங்களுக்கே தெரியுமுங்க. நான் ஊட்ல வெளக்குப் போட்டுக்கறேன். பாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

அவள் சொன்னது சரிதான். என் அண்ணன் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

2

எங்கள் ஊரிலும் ஒரு நாள் பயணம் உண்டு. எங்களுக்குச் சத்தி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அப்பா தொடங்கியது, அவர் காலமானபின் அண்ணன் நடத்துகிறார். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் பக்கமிருந்து விவசாயிகள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. வீட்டு ஆட்களும் பட்டறை ஆட்களும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் கொடிவேரிக்குப் போவோம். பவானித் தண்ணீர் அணைச் சுவரில் வழிந்து விழும். அதில் மத்தியானம் வரை தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் முதுகில் அறையும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் என்ன பேசுகிறான் என்றே கேட்காது.

அம்மா விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு செய்துவிடுவார். புளிச்சோறு ஒரு போசி, தக்காளிச்சோறு ஒரு போசி, தயிர்ச்சோறு ஒரு பெரிய போசி. எல்லோரும் குளித்து நடுங்கிக்கொண்டு வந்து உட்காருவோம். அம்மா யாருக்கும் போடமாட்டார். முதல் தட்டு வேன் டிரைவருக்கு.

"நம்மளையெல்லாம் பத்தரமா ஊடு கொண்டு போய்ச் சேத்தறவன். மொதல்ல அவனுக்குக் குடுத்துட்டு வா கண்ணு" என்பார். தட்டை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடுவது எப்போதும் என் வேலை, நான்தான் வீட்டில் சின்னவன்.

இந்தப் பயணத்தில் ஒரே தொல்லை அண்ணன். வழியில் எங்காவது தோட்டத்தில் பம்ப்செட் ஓடினால் வேனை நிறுத்தச் சொல்லிவிடுவார். சத்தத்தைக் கேட்டே சொல்லுவார், "அது தண்ணி எடுக்கலீங்மா, காத்தத்தான் இளுக்குது." முன்பின் தெரியாத தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விடுவார். நாங்கள் வேனில் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருப்போம்.

பம்ப் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் புட்வால்வு என்று ஒன்று இருக்கும். மோட்டாரைப் போடுவதற்கு முன் மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். வால்வு ஒழுகினால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே சுற்றும். வால்வைக் கழற்றி மாற்ற அவகாசம் இல்லாதபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சாணி போய் அந்தச் சின்ன ஓட்டையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நிற்கும், மோட்டார் எடுத்துவிடும். எத்தனையோ கிணற்று மேடுகளில் அதற்கென்றே ஒரு பழைய வாளி கிடக்கும். அண்ணன் முழங்கை வரை சாணியோடு சிரித்துக்கொண்டு வேனுக்குத் திரும்பி வருவார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைக் கடைசி இருக்கைக்கு விரட்டுவார்.

அந்த வேன் நாற்றத்துக்கு நான் இப்போது எவ்வளவு ஏங்குகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

3

அண்ணன் ஏன் பேசுவதில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இங்கே வெளிநாட்டவர் தங்கியிருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீதை வைத்து இந்த நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் ரயில் ஏறலாம். நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. மூன்று வருடங்களுக்கு முன் பங்குனியில் என் கையில் பாஸ்போர்ட் இல்லை, ரசீது இருந்தது. அப்போதுதான் அம்மா போய்விட்டார். தூக்கத்திலேயே, ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லாமல்.

அவசரம் என்றால் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே வாங்கலாம் என்றார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதன் சீன மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்ப்புக்கு முத்திரை வேண்டும். அங்கே பாடையே இன்னும் கட்டவில்லை, சான்றிதழுக்கு எங்கே போவது. அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவர்தான். என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அவராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

எங்களில் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். நான் வைக்க வேண்டிய கொள்ளியை அண்ணன் வைத்தார். நான் அதைப் போனில் பார்த்தேன். பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது.

இதுவரைக்கும் நடந்தது விதி. இதற்குப் பிறகு நடந்தது நான் செய்தது. ஆறாம் நாள் பாஸ்போர்ட் வந்துவிட்டது. காரியத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. டிக்கெட்டும் கிடைத்திருக்கும். என் மாணவர்களுக்கு இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இனிப் போய் என்ன ஆகப்போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். போகவில்லை. அந்த வீட்டுக்குள் அம்மா இல்லாமல் நுழையப் பயந்தேன் என்பதுதான் உண்மை. அந்த உண்மையை அண்ணனிடம் சொல்லாமல் தேர்வைக் காரணம் காட்டினேன்.

அதற்கு அவர் போனில் சொன்னதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. "பாஸ்போர்ட்டு வராதது உன்ற தப்பில்ல தம்பி. வந்தப்பறமும் நீ வரலீல்ல."

அதன்பின் இரண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தேன். பட்டறையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணன் அண்ணியிடம், "காப்பி குடிக்கறானான்னு கேளு" என்பார். அண்ணி என் முகத்தைப் பார்ப்பார். நான், "குடிக்கறனுங்க" என்று அண்ணியிடம் சொல்லுவேன். இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி.

4

சனிக்கிழமை காலை பேருந்து கிளம்பியது. சுமதி எலுமிச்சஞ்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக் கொடுத்திருந்தாள், இருபது பேருக்குக் காணும். மதியச் சாப்பாடு விவசாயி வீட்டில் ஏற்பாடாகியிருக்கிறது என்று நான் எத்தனை சொல்லியும் அவள் கேட்கவில்லை. பயணத்துக்குச் சோறு இல்லாமல் கிளம்புவது எங்கள் வீட்டுப் பெண்களால் முடியாத காரியம்.

யாழினி எனக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவள் என்னோடு பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அம்மணி, கண்ணு என்று நான் கூப்பிட்டால் அவளுடைய தோழிகள் முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பேருந்தில் தோழிகள் யாரும் இல்லை. ஆனாலும் நான் கூப்பிடவில்லை.

ஊர் அழகாகத்தான் இருந்தது. மலைச்சரிவில் தேயிலை, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சள். எல்லோரும் அந்த மஞ்சளுக்குள் இறங்கிக் கைகளை விரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் கிரஹாம், ஸ்காட்லாந்துக்காரர், வரலாற்று ஆசிரியர். மூங்கில் குருத்தைத் தோண்ட மண்வெட்டி கொடுத்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி குதித்தார். அவரைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்தது.

நான் முதல் வேலையாக ஒரு தட்டில் எலுமிச்சஞ்சோறு போட்டுக்கொண்டு பேருந்து ஓட்டுநரிடம் போனேன். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். நானும் விடாமல் நீட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் வாங்கி ஒரு வாய் போட்டுவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, தட்டு முழுவதையும் முடித்தார். அம்மாவின் திதியன்று அம்மா சொன்னதில் ஒன்றையாவது செய்தேன் என்று மனது சற்று ஆறியது.

சாப்பாடு ஏற்பாடாகியிருந்த வீட்டுக்கார அம்மாளின் பெயர் ஹு. ஐம்பதைத் தாண்டியவர். மனதுக்குள் நான் அவரை ஹு அக்கா என்றே வைத்துக்கொண்டேன். அவரும் கணவரும் வீட்டுக்குப் பின்னால் குளத்தோரம் குந்தி உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போவதற்கு முன்பே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது. மோட்டார் தண்ணீர் எடுக்காமல் காற்றை இழுக்கும் சத்தம். இருபது வருடம் கழித்துக் கேட்டாலும் அது தெரியும்.

யாழினியைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னேன். கீரை நாற்று முந்தாநாள்தான் நட்டார்களாம். புட்வால்வு ஒழுகுகிறது. புது வால்வு வாங்கக் கணவர் நாளைக்குத்தான் டவுனுக்குப் போக முடியும், இன்றைக்கு முப்பது பேருக்குச் சமைக்க வேண்டும். அதுவரை நாற்று தாங்குமா என்பதுதான் கவலை.

எனக்குள் இருந்த பட்டறைக்காரன் எழுந்துவிட்டான்.

5

"யாழினி, இவங்ககிட்டச் சாணி இருக்குமான்னு கேளு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அப்பா, ப்ளீஸ். நோ."

"கேளும்மா. நம்மூர்ல இப்படித்தான் செய்வாங்க."

"எல்லாரும் பாக்கறாங்க அப்பா." அவள் தமிழில் பேசிவிட்டதை அவளே கவனிக்கவில்லை. அவ்வளவு அவமானம் அவளுக்கு.

கடைசியில் கேட்டாள், சாணிக்கான சொல் அப்படித்தான் என் காதில் விழுந்தது. ஹு அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் கணவர் சிரிக்கவில்லை, எழுந்து நடந்தார். மேல் வளைவில் ஒரு வீட்டில் எருமை கட்டியிருந்தது. ஒரு வாளி வந்துவிட்டது.

நான் சட்டைக்கையை மடித்துவிட்டு வாளிக்குள் கையை விட்டுக் கரைத்தேன். அதற்குள் மஞ்சள் பூவை விட்டுவிட்டு முப்பது ஆசிரியர்களும் குளத்தோரம் கூடிவிட்டார்கள். கிரஹாம் செல்போனில் படம் பிடித்தபடி, இதில் இயற்பியல் என்ன என்று கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. காற்றழுத்தம், வெற்றிடம் என்று கையில் சாணியோடு ஒரு வகுப்பே எடுத்தேன். பேசிக்கொண்டே கரைசலை ஊற்றினேன். மோட்டாரைப் போடச் சொன்னேன். ஒரு முக்கல், இரண்டு முக்கல், குழாய் நடுங்கியது, தண்ணீர் எடுத்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஒரு கும்பிடுகூடப் போட்டேன்.

அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை.

அது நாற்றுக்குப் போகவில்லை. சமையலறைக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தொட்டிக்குப் போயிற்று. அந்தத் தொட்டியில்தான் எங்கள் மதியச் சாப்பாட்டுக்கான கீரையெல்லாம் அலசப் போட்டிருந்தது. எருமைச் சாணித் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக அதன் மேல் கொட்டியது. ஹு அக்கா ஓடிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கணவர் போய் சுவிட்சை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டபோது மோட்டார் சுற்றாமல் 'உம்' என்று மட்டும் நின்றது.

எல்லோரும் மெல்ல விலகிப் போனார்கள். அந்த நாகரிகம்தான் என்னை அதிகம் சுட்டது. வெள்ளைச் சட்டை, கையெல்லாம் சாணி, பின்னால் கெட்டுப்போன கீரை, முன்னால் ஓடாத மோட்டார். ஐந்து வருடத்தில் நான் இந்த நாட்டில் இவ்வளவு அந்நியனாக ஒரு நாளும் நின்றதில்லை.

யாழினியைத் தேடினேன். தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித் தோழியிடம் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது காதில் விழுந்தது.

"இல்லீங்க. தண்ணி வந்துச்சுங்க. அப்பறம் நின்னுபோச்சுங்க. ஆமாங்க, உம்முனு சத்தம் வருதுங்க."

என் மகள் வாயில் இத்தனை 'ங்க'வை நான் கேட்டதே இல்லை. அவள் திரும்பிப் போனை என் பக்கம் நீட்டினாள். திரையில் அண்ணன்.

6

மூன்று வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் சொல் இதுதான்.

"என்றா, வடிகட்டுனயா?"

"இல்லீங்ண்ணா."

"துணில வடிகட்டாம ஊத்துனா வைக்கோல் போய் இம்பெல்லர்ல சுத்தாதா? எத்தன தடவ பாத்திருக்கறே. பாதி படிச்சவனெல்லாம் வாத்தியாராப் போனா இப்படித்தான். டெலிவரி எங்க போகுதுன்னு பாத்தியா?"

"பாக்கலீங்."

"கீரை போச்சா?"

"போச்சுங்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்புறம் வேலை நடந்தது. யாழினி போனைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சொல்வதை ஹு அக்காவின் கணவருக்குச் சீன மொழியில் சொன்னாள், அவர் கேட்பதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னாள். நடுவில் நான் எடுபிடி. மின்சாரத்தை முழுவதும் நிறுத்தச் சொன்னார் அண்ணன். பம்பின் முகத்தில் நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும், ஸ்பேனர் இல்லை. பேருந்து ஓட்டுநர் எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ, வண்டியிலிருந்து கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, சோறு அள்ளிச் சாப்பிடுவதுபோல் கையால் காட்டிச் சிரித்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில், அண்ணன் சொன்னதுபோலவே வைக்கோல் சுற்றியிருந்தது. ஒரு கைப்பிடி வந்தது. மாட்டி முடித்து, குழாயின் மறுமுனையைத் தொட்டியிலிருந்து இழுத்து நாற்றுக்குப் போட்டோம். "இனி நல்ல தண்ணியே ஊத்து. சாணி அடைக்க வேண்டிய எடத்துல அடைச்சிருக்கும்" என்றார் அண்ணன். ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் வாய்மட்டத்தில் நின்றது. மோட்டாரைப் போட்டதும் எடுத்துவிட்டது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக, கீரை நாற்றுக்குள் தண்ணீர் ஓடியது. ஹு அக்காவின் கணவர் திரைக்கு முன்னால் வந்து குனிந்து என்னவோ சொன்னார். யாழினி மொழிபெயர்ப்பதற்குள் அண்ணன், "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

அதோடு அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எழுந்து நடந்தார். திரையில் எங்கள் வீட்டுச் சமையலறை ஆடி ஆடி வந்தது. நான் அந்த மேடையை, அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணி வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். தரையில் கழுவிய வாழையிலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

யாழினி திரையைப் பார்த்து எண்ணினாள். "ஆறு எலை இருக்குதுங்க பெரியப்பா. அப்பத்தாவுக்குப் படைக்க ஒன்னு. நீங்க, பெரியம்மா, உங்க ஊட்டு அண்ணன், அக்கா, நாலு பேரு. இன்னொன்னு யாருக்குங்க?"

அண்ணி ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"உங்கப்பனுக்கு" என்றார் அண்ணன். "மூணு வருசமாப் போடறேன். எலை போட்டு, எல்லாம் பரிமாறி, எல்லாரும் எந்திரிச்சப்பறம் நானே எடுத்துட்டுப் போயி ரோட்டு மாட்டுக்கு வெச்சுப்போட்டு வருவேன்."

குளத்தோரத்தில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கை முழுக்கச் சாணி. மூன்று வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த நியாயங்களை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"அண்ணா, நான் அன்னிக்கு வந்திருக்கோணுங்க. பரிச்சையெல்லாம் சும்மா சொன்னதுங்க. அம்மா இல்லாத ஊட்டுக்குள்ள வாரதுக்குப் பயமா இருந்துச்சுங்க."

"ஆமா. வந்திருக்கோணும்" என்றார். "எனக்கு மட்டும் பயமில்லாமயா இருந்துச்சு. நான் எங்க ஓடறது?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரி. அடுத்த வருசம் உன்ற எலைய நீயே வந்து எடு. இப்பப் போயிக் கையக் களுவு."

போன் அணைந்தது. யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிருந்து பெரியப்பாவோடு பேசுகிறாய் என்று கேட்டேன். ஞாயிறுதோறும் என்றாள், இரண்டு வருடமாக. அவர்தான் அப்பாவிடம் சொல்லாதே என்றாராம். நான் சாப்பிட்டேனா, இளைத்துவிட்டேனா, தலைமுடி கொட்டுகிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாராம். பிள்ளை கைநழுவிப் போகிறாள் என்று நான் புலம்பிய நாட்களிலெல்லாம், எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் அவள்தான் இருந்திருக்கிறாள். "வாடி அம்மணி" என்று எழுந்தேன். அவள் மறுக்கவில்லை.

சாப்பாடு இரண்டு மணிக்குமேல்தான் ஆயிற்று. புதுக் கீரை பறிக்க எல்லா ஆசிரியர்களும் வரப்பில் இறங்கினார்கள். அதுதான் இதுவரை போன பயணங்களிலேயே சிறந்த பகுதி என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சுமதியின் சோற்றுப் போசிகள் காலியாகின. ஹு அக்கா தயிர்ச்சோற்றை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தார். சாணியைப் பொறுத்துக்கொண்டவர் தயிரைப் பொறுக்கவில்லை.

7

ஞாயிறு காலை நானே அண்ணனைக் கூப்பிட்டேன். அடுத்த வருடம் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டேன். "புதுப் பஞ்சாங்கம் வாங்கி வெச்சிருக்கேன், இரு" என்று போய்ப் பார்த்துச் சொன்னார். பிறகு அந்த மோட்டார் இன்னும் ஓடுகிறதா, புட்வால்வு மாற்றினார்களா என்று கேட்டார். அதையும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வெளிநாட்டவர் காகிதங்களைப் பார்ப்பவரிடம் பேசினேன்; அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தவர் இவரில்லை, அவர் குடிவரவு அலுவலகத்துக்காரர். என் பாஸ்போர்ட்டை அடுத்த வருடம் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் கேளுங்கள், இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மட்டும் அது என் கையில் இருக்க வேண்டும் என்றேன். ஒரு வருடம் முன்னதாக யாரும் விடுப்பு கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே படிவத்தைக் கொடுத்தார்.

படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் உண்டு. அதில் எப்போதும் குடும்ப விஷயம் என்று எழுதுவேன். இந்த முறை சாப்பிட என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சாப்பிடவா, இந்தியாவுக்கா, எத்தனை நாள் என்று கேட்டார்.

ஒரே ஒரு வேளை என்றேன்.